ஹார்மோன் மாத்திரைகள்: எவ்வளவு, எப்போது, எதை நிறுத்தக் கூடாது

கேள்வி இதுதான்: தைராய்டு, அட்ரினல், பிட்யூட்டரி போன்ற நாளமில்லாச் சுரப்பிகளின் கோளாறுகளுக்குத் தரப்படும் மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன? மாதக்கணக்கில் விழுங்கியும் சிலருக்கு ரத்தப் பரிசோதனை எண் ஏன் நேராவதில்லை? எதைத் தைரியமாக நிறுத்தலாம், எதை நிறுத்தவே கூடாது?

சர்க்கரை நோய் மருந்துகளுக்குத் தனியாகவே எழுத வேண்டும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். மற்றவற்றைப் பார்ப்போம்.

இந்த மருந்துகள் இரண்டே வேலையைத்தான் செய்கின்றன. ஹார்மோன் குறைந்திருந்தால் அதையோ அதைப் போன்ற ஒன்றையோ வெளியிலிருந்து கொடுப்பது ஒன்று: லெவோதைராக்சின், ஹைட்ரோகார்ட்டிசோன், டெஸ்மோபிரசின், டெஸ்டோஸ்டிரோன், வளர்ச்சி ஹார்மோன். கூடியிருந்தால் உற்பத்தியைத் தடுப்பது, அல்லது அது போய் ஒட்டும் இடத்தை அடைத்துவிடுவது மற்றொன்று: கார்பிமசோல், கேபர்கோலின், ஸ்பைரோனோலாக்டோன்.

இவற்றைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சுரப்பிகளில் பல தன் இஷ்டத்துக்குச் சுரப்பதில்லை. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி கேட்கும் அளவுக்குச் சுரக்கின்றன. ரத்தத்தில் ஹார்மோன் போதுமான அளவு இருந்தால் பிட்யூட்டரி கேட்பதைக் குறைத்துக்கொள்ளும். அந்த ஹார்மோன் சுரப்பியிலிருந்து வந்ததா, மாத்திரையிலிருந்து வந்ததா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. தைராய்டு மாத்திரையின் அளவை டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கச் சொல்லிப் பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன்) வைத்து முடிவு செய்வதும், ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் ஆள் சாய்ந்துவிடுவதும், டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுபவருக்கு விந்தணு வற்றிப்போவதும் இந்த ஒரே காரணத்தால்தான்.

தைராய்டு குறைவு: லெவோதைராக்சின்

1891-இல் ஜார்ஜ் மரே என்ற ஆங்கிலேய மருத்துவர் ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஒரு பெண்ணுக்கு ஊசியாகப் போட்டார். அந்தப் பெண் அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று நாம் விழுங்குவது ஆட்டுச் சாறு இல்லை. சுரப்பி செய்யும் அதே டி4 மூலக்கூறைத் தொழிற்சாலையில் செய்து மாத்திரையாக்கியதுதான் லெவோதைராக்சின். உடம்பின் திசுக்கள் தேவைக்கேற்ப அதை வீரியமான டி3 ஆக மாற்றிக்கொள்கின்றன. தனியாக டி3 மாத்திரையும் உண்டு. ஆனால் அது ரத்தத்தில் சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்குவதால் வழக்கமான சிகிச்சைக்கு டி4 போதும் என்பதே பெரும்பாலான மருத்துவர்களின் நிலைப்பாடு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

அளவு மைக்ரோகிராமில் வரும். 1,000 மைக்ரோகிராம் ஒரு மில்லிகிராம். சில பெட்டிகளில் 0.1 மில்லிகிராம் என்றும் சிலவற்றில் 100 மைக்ரோகிராம் என்றும் அச்சிட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றே. சுரப்பி முழுக்கச் செயலிழந்த, வேறு நோயில்லாத பெரியவருக்குக் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் தேவைப்படும். 60 கிலோ எடைக்குக் கணக்கு 96 வரும். நடைமுறையில் 100 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்று. சுரப்பி பாதி வேலை செய்பவருக்கு 25 அல்லது 50-லேயே எண் அடங்கிவிடும். முதியவர்கள், இதய ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்கள் ஆகியோருக்கு 12.5 அல்லது 25-இல் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை மெல்ல ஏற்ற வேண்டும். அவர்களுக்கு ஒரேயடியாக முழு அளவு கொடுத்தால் இதயத் துடிப்பு எகிறி நெஞ்சுவலி வரலாம்.

டி4-இன் அரைவாழ்வு, அதாவது ரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 7 நாள். ஆகவே இன்று மாற்றிய அளவு ரத்தத்தில் நிலைபெற ஐந்தாறு வாரம் ஆகும். பிட்யூட்டரி அதைக் கணக்கில் எடுத்து டி.எஸ்.எச்.-ஐத் திருத்திக்கொள்ள அதற்கும் மேலே கொஞ்சம் ஆகும். ஆகவே அளவை மாற்றியபின் 6 முதல் 8 வாரம் கழித்தே டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். இரண்டு வாரத்தில் பரிசோதித்து, எண் இன்னும் இறங்கவில்லை என்று அளவை ஏற்றுவது வீண் வேலை. கடைசியில் அளவு மிஞ்சிப்போய், படபடப்பும் தூக்கமின்மையும் வந்து, மறுபடி குறைத்து, வருடம் முழுக்க மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். டி4 சிறிதளவு அசைந்தாலே டி.எஸ்.எச். பல மடங்கு அசையும். அதனால் 12.5 அல்லது 25 மைக்ரோகிராம் மாற்றமே பெரும்பாலும் போதும். எண் 9 வந்துவிட்டது என்று அளவை இரட்டிப்பாக்கத் தேவையில்லை.

இதே நீண்ட அரைவாழ்வில் ஒரு வசதியும் இருக்கிறது. ஒரு நாள் மறந்தால் குடி முழுகிப்போகாது. நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். இதய நோய் இல்லாதவர் மறுநாள் இரண்டாகப் போட்டாலும் பாதகமில்லை. வாரம் முழுக்க மறப்பவருக்குத்தான் பிரச்சினை.

விழுங்கும் முறைக்கு வருவோம். வெறும் வயிற்றில், தண்ணீரோடு, காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்னால். காப்பியும் உணவுக் கணக்குதான். மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் உறிஞ்சப்படும் அளவு குறைகிறது. காலையில் இதெல்லாம் நடக்காது என்பவர்கள், கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரமாவது கழித்து, படுக்கும்போது போடலாம். எந்த நேரம் என்பதைவிட ஒரே மாதிரி என்பது முக்கியம். சில நாள் வெறும் வயிறு, சில நாள் சாப்பாட்டோடு என்று மாற்றி மாற்றிப் போட்டால் எந்த மருத்துவராலும் அளவை நிர்ணயிக்க முடியாது.

கால்சியம், இரும்பு, அமிலத்தைத் தணிக்கும் அலுமினிய மருந்துகள், கொழுப்புக்குத் தரப்படும் கொலஸ்டிரமின் ஆகியவை குடலில் டி4-ஐப் பிடித்துவைத்துக்கொள்ளும். இவற்றுக்கும் லெவோதைராக்சினுக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். சத்து மாத்திரை என்று சாதாரணமாக விழுங்குவதிலும் இரும்பும் கால்சியமும் இருக்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் வகை வயிற்று மாத்திரைகளின் கதை வேறு. அவை மாத்திரையைப் பிடித்துவைப்பதில்லை; மாத்திரை கரையத் தேவையான அமிலத்தையே நாள் முழுக்கக் குறைத்துவிடுகின்றன. ஆகவே இடைவெளி விட்டுப் பயனில்லை. அவற்றைத் தொடர்ந்து எடுப்பவருக்கு டி.எஸ்.எச். ஏறினால் லெவோதைராக்சின் அளவைச் சற்றுக் கூட்டுவதுதான் வழி.

பல மாத்திரை எடுப்பவருக்கு ஒரு நாள் இப்படி அமையலாம்: எழுந்ததும் லெவோதைராக்சின், ஒரு மணி நேரம் கழித்துக் காலை உணவோடு மெட்ஃபார்மின், மதிய உணவோடு கால்சியம், மாலையில் இரும்பு. இரும்பு உறிஞ்சப்படுவதைக் கால்சியம் குறைக்கும் என்பதால் அவையும் சேரக் கூடாது. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை 70 மில்லிகிராம் அலென்ட்ரோனேட் எடுப்பவருக்கு அந்த ஒரு நாள் சிக்கல், ஏனென்றால் அதுவும் வெறும் வயிறு கேட்கும். முதலில் அலென்ட்ரோனேட், ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர், படுக்காமல் 30 நிமிடம், பிறகு லெவோதைராக்சின், அதற்குப் பிறகு இன்னொரு அரை மணி கழித்துச் சாப்பாடு. அல்லது லெவோதைராக்சினை நிரந்தரமாக இரவுக்கு மாற்றிவிடலாம்.

இத்தனை செய்தும் எண் அடங்காதபோது வரிசையாகப் பார்க்க வேண்டியவை உண்டு. முதலில், மாத்திரை தினமும் உள்ளே போகிறதா? மிகப் பொதுவான காரணம் இதுதான். கேட்டால் யாரும் ஒத்துக்கொள்வதில்லை, அட்டையில் மீதியிருக்கும் மாத்திரைகளை எண்ணினால் தெரிந்துவிடும். ஒரு அடையாளமும் இருக்கிறது: டி.எஸ்.எச். உயர்ந்திருக்கும், டி4-ஓ நன்றாக அல்லது மேல் விளிம்பில் இருக்கும். பரிசோதனைக்கு முந்திய சில நாள் மட்டும் ஒழுங்காகப் போட்டவரின் ரத்தம் அப்படித்தான் காட்டும். டி4 ஏறிவிட்டது, பிட்யூட்டரி இன்னும் பழைய கணக்கிலேயே இருக்கிறது.

அடுத்து, வேறு மருந்து ஏதாவது சேர்ந்ததா? காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், வலிப்பு மருந்துகளான ஃபெனிடாயின், கார்பமசெபைன் ஆகியவை கல்லீரலில் டி4 அழியும் வேகத்தைக் கூட்டும். ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகள் டி4-ஐச் சுமக்கும் புரதத்தைக் கூட்டி, மருந்தின் தேவையை ஏற்றிவிடும். மூன்றாவதாக, வயிறும் குடலும்: ஹெலிகோபாக்டர் தொற்று, வயிற்றின் உட்சுவர் மெலிதல், கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய். கிலோவுக்கு 2 மைக்ரோகிராமைத் தாண்டியும் டி.எஸ்.எச். இறங்கவில்லை என்றால் மேலும் மேலும் ஏற்றிக்கொண்டே போகாமல் இவற்றைத் தேட வேண்டும். மாத்திரை வெயிலிலும் ஈரத்திலும் வீரியம் இழக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்; சமையல் மேடை, குளியலறை அலமாரி இரண்டுமே தவறான இடம்.

பரிசோதனையே பொய் சொல்லும் சந்தர்ப்பமும் உண்டு. முடி கொட்டுவதற்காக அதிக அளவு பயோட்டின் எடுப்பவர்களுக்குச் சில பரிசோதனை முறைகளில் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். மருந்து அதிகமாகிவிட்டது என்று நினைத்து அளவைக் குறைத்துவிடுவார்கள். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாளாவது முன்பே பயோட்டினை நிறுத்த வேண்டும். டி4-ஐயும் பார்க்கப் போகிறார்கள் என்றால் அன்று காலை லெவோதைராக்சினை ரத்தம் கொடுத்தபின் போடுவது நல்லது. விழுங்கிய சில மணி நேரத்துக்கு டி4 சற்று உயர்ந்திருக்கும்.

பிட்யூட்டரியே பழுதாகித் தைராய்டு குறைந்தவர்கள் தனி ரகம். அவர்களுக்கு டி.எஸ்.எச். எப்போதும் குறைவாகவோ சாதாரணமாகவோதான் இருக்கும். அதை வைத்து அளவைக் குறைத்தால் பெரும் தவறு. டி4-ஐ மட்டுமே பார்க்க வேண்டும். அதோடு, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி தரும் கார்ட்டிசோலும் குறைந்திருக்கிறதா என்று பார்க்காமல் அவர்களுக்கு லெவோதைராக்சின் தொடங்கக் கூடாது. தைராய்டு ஹார்மோன் ஏறியதும் கார்ட்டிசோல் செலவாகும் வேகம் கூடும்; ஏற்கெனவே வற்றியிருப்பவர் ரத்த அழுத்தம் விழுந்து மயங்கிவிடுவார். முதலில் ஹைட்ரோகார்ட்டிசோன் (மாத்திரை வடிவக் கார்ட்டிசோல்), பிறகு லெவோதைராக்சின். இந்த வரிசை மாறக் கூடாது.

கர்ப்பம் உறுதியான அன்றே அளவு கூட வேண்டும், அடுத்த மருத்துவமனைத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. தேவை 25 முதல் 30 சதவீதம் உயரும். ஏற்கெனவே முழு அளவு எடுப்பவருக்கு எளிய வழி, வாரத்துக்கு 7 மாத்திரைக்குப் பதில் 9; அதாவது இரண்டு நாள் இரட்டை. இதை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் அந்த நேரத்தில் தடுமாற்றம் இருக்காது. பிறகு கர்ப்பத்தின் முதல் பாதியில் 4 வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்த்து, 2.5-க்குக் கீழே வைத்திருக்க முயல்வார்கள். பிரசவத்துக்குப் பின் பழைய அளவு.

தைராய்டு மிகை: கார்பிமசோல், மெத்திமசோல்

கார்பிமசோல் உடம்புக்குள் மெத்திமசோலாக மாறி வேலை செய்கிறது. 10 மில்லிகிராம் கார்பிமசோல் ஏறக்குறைய 6 மில்லிகிராம் மெத்திமசோலுக்குச் சமம்; ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது எண்ணை அப்படியே எழுதினால் அளவு மிஞ்சும் அல்லது குறையும். மெத்திமசோல் நோயின் கடுமையைப் பொறுத்து 5 முதல் 30 மில்லிகிராம் வரை, பெரும்பாலும் ஒரே வேளையாகத் தொடங்குவார்கள்.

மாத்திரை தொடங்கி இரண்டு வாரம் ஆகியும் கை நடுக்கம் நிற்கவில்லையே என்ற புகார் வரும். இந்த மருந்து உற்பத்தியை நிறுத்துகிறது. ஆனால் கிடங்கில் பல வாரங்களுக்கான சரக்கு இருக்கிறது. அது தீரும்வரை 4 முதல் 6 வாரம், சிலருக்கு இன்னும் அதிகம். அந்த இடைவெளியில் நடுக்கத்தையும் படபடப்பையும் அடக்கத்தான் ப்ரோப்ரனலால், வழக்கமாக 10 முதல் 40 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை. ஆஸ்துமா இருந்தால் அது ஆகாது. மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

இதே தர்க்கத்தில் இன்னொன்று. சுரப்பி வீங்கிச் சிதைந்து, சேர்த்துவைத்த ஹார்மோன் கசிவதால் வரும் தைராய்டு மிகையில் கார்பிமசோல் ஒரு பயனும் தராது, ஏனென்றால் அங்கே உற்பத்தி கூடவே இல்லை. பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் வருவதும், வைரஸ் காய்ச்சலுக்குப் பின் கழுத்து வலியோடு வருவதும் பெரும்பாலும் இந்த வகை. டி4 கூடியிருக்கிறது என்ற ஒரே தாளைப் பார்த்துக் கார்பிமசோல் எழுதிவிட்டால், சில வாரத்தில் இயல்பாகவே வரும் தைராய்டு குறைவு இன்னும் ஆழமாகும். எதிர்ப்பொருள் பரிசோதனையோ, சுரப்பியில் ஐசோடோப் எவ்வளவு ஏறுகிறது என்ற ஸ்கேனோ செய்து பிரித்தறிந்த பிறகே தொடங்க வேண்டும்.

தொடங்கியபின் டி.எஸ்.எச். பல மாதம் அமுங்கியே கிடக்கும். அதுவரை அளவைத் தீர்மானிப்பது டி4-உம் டி3-உம். டி.எஸ்.எச். ஏறவில்லை என்று கார்பிமசோலை ஏற்றினால் நோயாளி மறுகோடிக்குப் போய்விடுவார்.

இந்த மருந்தில் பயப்பட வேண்டிய பக்கவிளைவு ஒன்று: ஆயிரத்தில் 2 முதல் 5 பேருக்கு வெள்ளை அணுக்கள் திடீரென்று அடியோடு விழுந்துவிடும், பெரும்பாலும் முதல் 3 மாதத்துக்குள். அது வேகமாக நடப்பதால் மாதம் ஒருமுறை ரத்தம் பார்த்துக் கண்டுபிடிப்பது நம்பத்தக்க வழி இல்லை. காய்ச்சலோ தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றே மாத்திரையை நிறுத்தி, அன்றே வெள்ளை அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். சாதாரணச் சளி என்று நினைத்து மாத்திரையைத் தொடர்வதுதான் ஆபத்து. எண்ணிக்கை விழுந்தது உறுதியானால் இந்தக் குடும்பத்து மருந்து எதையும் வாழ்நாளில் மறுபடி தொடக் கூடாது. தோல் மஞ்சளாவது, சிறுநீர் கருமஞ்சளாவது இன்னொரு எச்சரிக்கை. இது இதே குடும்பத்து இன்னொரு மருந்தான ப்ரொபைல்தயோயுராசிலில் கூடுதல். கல்லீரலைத் தாக்கும் அபாயத்தால் அம்மருந்து இப்போது முக்கியமாகக் கர்ப்பத்தின் முதல் 3 மாதத்துக்கும், தைராய்டு புயல் எனப்படும் அவசர நிலைக்கும் ஒதுக்கப்பட்டுவிட்டது. மெத்திமசோல் கருவின் உறுப்புகள் உருவாகும் அந்த மாதங்களில் குறைபாடு உண்டாக்கலாம் என்பதால்தான் இந்த மாற்று.

உடம்பின் எதிர்ப்பொருள்களே தைராய்டைத் தூண்டிவிடும் கிரேவ்ஸ் நோய்க்கு 12 முதல் 18 மாதம் கொடுத்து நிறுத்துவார்கள். நிறுத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்ப வருகிறது. வந்தால் மறுபடி மாத்திரையா, கதிரியக்க அயோடினா, அறுவையா என்பது கண் பாதிப்பு, வயது, குழந்தைத் திட்டம் பார்த்து எடுக்கும் முடிவு.

ஸ்டீராய்டு: இங்கேதான் உயிர் போகும்

அட்ரினல் சுரப்பி பழுதானவர்கள் கார்ட்டிசோலை மாத்திரையாக எடுக்கிறார்கள். ஆஸ்துமா, மூட்டுவாதம் போன்றவற்றுக்காக எடுப்பவர்கள் அதைவிடப் பல மடங்கு எடுக்கிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஆபத்து ஒன்றே: உடம்புக்குத் தேவைப்படும் நாளில் ஸ்டீராய்டு இல்லாமல் போவது.

சம அளவுக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஹைட்ரோகார்ட்டிசோன் 20 மில்லிகிராம், ப்ரெட்னிசோலோன் 5, மெத்தில்ப்ரெட்னிசோலோன் 4, டெக்சாமெத்தசோன் சுமார் 0.75. டெக்சாமெத்தசோன் அரை மில்லிகிராம்தானே என்று அலட்சியமாக மாதக்கணக்கில் எடுப்பவர்கள் இந்த வரியைத் திரும்பப் படிக்கலாம்.

அட்ரினல் செயலிழந்தவருக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் ஒரு நாளைக்கு 15 முதல் 25 மில்லிகிராம், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. எழுந்ததும் 10, நண்பகல் 5, மாலை 4 மணி வாக்கில் 5 என்பது வழக்கமான அமைப்பு. உடம்பின் இயல்பான கார்ட்டிசோல் விடியற்காலையில் உச்சமும் நள்ளிரவில் அடிமட்டமும் ஆக இருப்பதால் இந்தப் பிரிப்பு. கடைசி வேளையைத் தூக்கத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும். தாமதமானால் தூக்கம் கெடும். சுரப்பியே அழிந்தவருக்கு உப்பைப் பிடித்துவைக்கும் ஹார்மோனும் இல்லாததால் ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் 50 முதல் 200 மைக்ரோகிராம் சேர்ப்பார்கள். எழுந்து நின்றால் தலைசுற்றல், உப்பின் மேல் தீராத ஆசை, ரத்தத்தில் பொட்டாசியம் உயர்வு ஆகியவை இது போதவில்லை என்பதற்கு அடையாளம். கால் வீக்கம், உயர் ரத்த அழுத்தம் அதிகமானதற்கு. பிட்யூட்டரி பழுதால் வந்த குறைவில் இந்த மாத்திரை தேவையில்லை, ஏனென்றால் அந்த உப்பு ஹார்மோனை ஆள்வது சிறுநீரகம்.

காய்ச்சல் நாள் விதியை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டும். 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஹைட்ரோகார்ட்டிசோன் இரட்டிப்பு, 39-ஐத் தாண்டினால் மும்மடங்கு, காய்ச்சல் விட்டபின் ஓரிரு நாளில் பழைய அளவு. வாந்தியோ கடும் வயிற்றுப்போக்கோ இருந்தால் மாத்திரை உள்ளே தங்காது. 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி தொடையில் போட்டு நேரே மருத்துவமனை. அங்கே அடுத்த 24 மணி நேரத்துக்கு 200 மில்லிகிராம் மருந்தும் உப்புநீரும் ஏற்றுவார்கள். அவசரப் பிரிவில் கார்ட்டிசோல் முடிவு வரட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. இந்த ஊசி வீட்டிலும் பயணப் பையிலும் இருக்க வேண்டும், போடத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும், நோயாளியிடம் ஸ்டீராய்டு அட்டை இருக்க வேண்டும். அறுவை, பல் பிடுங்குதல், பிரசவம் எல்லாமே முன்கூட்டிச் சொல்ல வேண்டிய நிகழ்வுகள்.

இனி, வேறு நோய்க்காக ஸ்டீராய்டு எடுத்தவர் எப்படி நிறுத்துவது? 3 முதல் 4 வாரத்துக்குக் குறைவாக எடுத்திருந்தால் பெரும்பாலும் படிப்படியாகக் குறைக்க அவசியமில்லை. அதற்கு மேல் என்றால் பிட்யூட்டரியும் அட்ரினலும் தூங்கிப்போயிருக்கும் என்று கொள்ள வேண்டும். நோய் அடங்கியிருந்தால் ப்ரெட்னிசோலோன் 40-க்கு மேலிருந்து இறங்கும்போது வாரம் 5 முதல் 10 மில்லிகிராம் குறைக்கலாம். 20-லிருந்து 10 வரை 2.5 ஆக; 10-லிருந்து 5 வரை ஒவ்வொரு மில்லிகிராமாக, ஒவ்வொரு படியிலும் 1 முதல் 4 வாரம் தங்கி. 5-க்கு வந்ததும்தான் உண்மையான சோதனை, ஏனென்றால் உடம்பு தானாகச் சுரக்கும் அளவும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தக் கட்டத்தில் காலை 8 மணி கார்ட்டிசோல் பார்க்கலாம்: டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் என்றால் சுரப்பி விழித்துவிட்டது, 5-க்குக் கீழ் என்றால் இன்னும் சில மாதம் தொடர வேண்டும், நடுவில் என்றால் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். முந்திய நாள் மாத்திரைக்குப் பின் 24 மணி நேரமாவது இடைவெளி விட்டு, அன்றைய மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுக்க வேண்டும். ப்ரெட்னிசோலோனையும் கார்ட்டிசோல் என்றே எண்ணிவிடும் பரிசோதனை முறைகள் பல.

குறைக்கும்போது வரும் உடல்வலியும் சோர்வும் எல்லாமே அட்ரினல் குறைவு ஆகாது. பழகிய அதிக அளவிலிருந்து இறங்குவதன் விளைவாகவும் இருக்கும். ஒரு படி மேலேறி, இன்னும் மெதுவாக இறங்கினால் சரியாகும். காலையில் ப்ரெட்னிசோலோன் எடுப்பவருக்குச் சர்க்கரை பிற்பகலிலும் மாலையிலும்தான் ஏறும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் பார்த்து நிம்மதியாக இருப்பவர்கள் ஏமாறுகிறார்கள்.

பெயர் தெரியாத பொடி, மூட்டுவலி உருண்டை, முகம் வெளுக்கும் க்ரீம் ஆகியவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உலகெங்கும் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. முகம் உருண்டு, தோல் மெலிந்து, ஆனால் ரத்தத்தில் கார்ட்டிசோல் அதலபாதாளத்தில் இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்த கையோடு நிறுத்திவிடவும் கூடாது. ஹைட்ரோகார்ட்டிசோனுக்கு மாற்றிப் பிறகு குறைக்க வேண்டும்.

ப்ரோலாக்டின்: கேபர்கோலின்

பால் சுரக்கவைக்கும் பிட்யூட்டரி ஹார்மோனான ப்ரோலாக்டின் கூடியிருக்கிறது என்றதும் கேபர்கோலின் எழுதுவது அவசரம். முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும், டி.எஸ்.எச். பார்க்க வேண்டும் (தைராய்டு குறைவே ப்ரோலாக்டினை உயர்த்தும், லெவோதைராக்சின் கொடுத்தால் தானே இறங்கும்), எடுக்கும் மருந்துகளைக் கேட்க வேண்டும். குமட்டலுக்கும் வயிற்று உப்புசத்துக்கும் தரும் டோம்பெரிடோன், மெட்டோக்ளோப்ரமைடு, லெவோசல்பிரைடு, மனநல மருந்தான ரிஸ்பெரிடோன் ஆகியவை நன்றாகவே உயர்த்தும். வயிற்று மாத்திரையை நிறுத்திச் சில நாள் கழித்துப் பரிசோதித்தாலே பலருக்கு வேலை முடிந்துவிடும். மனநல மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது. கேபர்கோலின் அந்த நோயைக் கிளறிவிடவும் கூடும்.

பிட்யூட்டரிக் கட்டியால் என்றால் கேபர்கோலின் அருமையான மருந்து. அறுவை இல்லாமலே கட்டியைச் சுருக்கிவிடும். வாரத்துக்கு இருமுறை 0.25 மில்லிகிராமில் தொடங்கி, எண்ணைப் பார்த்து ஏற்றுவார்கள். மருந்து உடம்பில் பல நாள் தங்குவதால் தினமும் தேவையில்லை. தினமும் என்று தவறாகப் புரிந்துகொண்டு போடுபவர்கள் உண்டு, கிழமையைப் பெட்டியிலேயே எழுதிவிடுவது நல்லது. இரவில், சாப்பிட்டபின், படுக்கும் முன் போட்டால் குமட்டலும் எழுந்திருக்கும்போது வரும் தலைசுற்றலும் குறையும். சூதாட்டம், கட்டுக்கடங்காத செலவு, பாலுணர்வு வேகம் என்று சிலருக்குக் குணமே மாறும். வீட்டாருக்கு இதை முன்பே சொல்லிவைக்க வேண்டும், ஏனென்றால் எடுப்பவர் மருந்தோடு இதைத் தொடர்புபடுத்த மாட்டார். நீண்ட காலம் வாரத்துக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் எடுப்பவருக்கு இதய வால்வை எக்கோவில் பார்ப்பார்கள். மாதவிடாய் திரும்புவதற்கு முன்பே கருத்தரிக்கலாம் என்பதையும் பெண்கள் தெரிந்திருக்க வேண்டும்.

குறைந்தது இரண்டு ஆண்டு எண் சரியாக இருந்து, கட்டியும் கண்ணுக்குத் தெரியாத அளவு சுருங்கியிருந்தால் குறைத்து நிறுத்திப் பார்க்கலாம்.

மற்றவை

டெஸ்மோபிரசின், சிறுநீர் கட்டுக்கடங்காமல் போகும் வாசோபிரசின் குறைபாட்டுக்கு. இந்த நோய்க்கு முன்பு இன்னொரு பெயர் இருந்தது, டயாபடிஸ் இன்சிபிடஸ். சர்க்கரை நோயோடு குழப்பி, மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு இந்த மருந்தை விட்டுவிட்ட விபரீதங்களால் 2022-இல் பெயரை மாற்றினார்கள். இந்த மருந்தின் ஆபத்து, நீர் தேங்கி ரத்தத்தில் சோடியம் விழுவது. தாகம் எடுத்தால் மட்டும் குடிக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது ஒரு வேளையைத் தள்ளிப்போட்டு, நன்றாகச் சிறுநீர் பிரிந்தபின் அடுத்ததைப் போட்டால் தேங்கியது வெளியேறிவிடும். தலைவலி, குமட்டல், குழப்பம் வந்தால் உடனே சோடியம் பார்க்க வேண்டும்.

கழுத்து அறுவைக்குப் பின், ரத்தக் கால்சியத்தை ஆளும் பாராதைராய்டு சுரப்பிகள் போனவர்கள் கால்சிட்ரியாலும் (வீரியமான வைட்டமின் டி) கால்சியமும் எடுப்பார்கள். ரத்தக் கால்சியத்தை இயல்பின் கீழ் விளிம்பிலேயே வைக்க வேண்டும். நடுவுக்குக் கொண்டுவர ஆசைப்பட்டால் சிறுநீரில் கால்சியம் வழிந்து கல் சேரும். எவ்வளவு கொடுத்தும் ஏறவில்லை என்றால் மெக்னீசியம் பாருங்கள்.

டெஸ்டோஸ்டிரோனை வெவ்வேறு நாளில் காலையில் இருமுறை அளந்து, இரண்டும் குறைந்திருந்தால்தான் தொடங்க வேண்டும். குழந்தை வேண்டும் என்பவருக்கு இது எதிரி. விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடும். ஜெல் பூசுபவர் காய்ந்தபின் துணியால் மூட வேண்டும், குழந்தைகள் அந்தத் தோலைத் தொடக் கூடாது. ஹெமாட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 54 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்த வேண்டும், ரத்தம் கெட்டியாகி உறையலாம்.

பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உள்ள பெண்களுக்கு மெட்ஃபார்மினை 500 மில்லிகிராமில், உணவோடு தொடங்கி மெல்ல ஏற்றினால் வயிற்றுப்போக்கு குறையும்; வருடக்கணக்கில் எடுத்தால் பி12 பார்க்க வேண்டும். முகத்து முடிக்கு ஸ்பைரோனோலாக்டோன் 50 முதல் 100 மில்லிகிராம். பலன் தெரிய 6 மாதம் ஆகும், அதுவரை பொறுக்காமல் நிறுத்துபவர்களே அதிகம். ஆண் கருவைப் பாதிக்கும் என்பதால் நம்பகமான கருத்தடை இல்லாமல் இதைக் கொடுப்பதில்லை.

கடைசியாக, நிறுத்தும் கேள்வி. லெவோதைராக்சினைத் திடீரென்று விட்டால் வாரக்கணக்கில் மெல்ல மோசமாகும். கேபர்கோலினை விட்டால் எண் ஏறும், கட்டி வளரலாம். ஹைட்ரோகார்ட்டிசோனையும் நீண்ட நாள் ப்ரெட்னிசோலோனையும் விட்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. ப்ரோப்ரனலாலைச் சட்டென்று விட்டால் படபடப்பு திரும்ப எகிறும். எலும்புக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை போடும் 60 மில்லிகிராம் டெனோசுமாப் ஊசியைப் பலர் இந்தப் பட்டியலில் சேர்க்க மறக்கிறார்கள். அதைத் தவறவிட்டால் அடக்கிவைத்த எலும்புச் சிதைவு பாய்ந்து திரும்பி, முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கலாம். நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் அடுத்த ஊசி போட வேண்டிய தேதியில் அலென்ட்ரோனேட்டோ சோலெட்ரோனேட்டோ தொடங்க வேண்டும். தேதி ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப்போக விடக் கூடாது.